ஸ்கைரிம்: கண்ணால் வழி பிடிக்கிற உலகம்

நேயர்களுக்கு வணக்கம்.

கடலில் பாடு முடித்து ராமேசுவரம் கரைக்குத் திரும்புகிற நாட்டுப்படகுக்குத் தூரத்திலேயே கண்ணில் படுவது தொலைக்காட்சிக் கோபுரம். 323 மீட்டர் உயரம். நெருங்க நெருங்கக் கோயில் கோபுரம் தெரியும், பனைகள் தெரியும், பாம்பன் பக்கம் என்றால் கலங்கரை விளக்கம் தெரியும். எது எதற்கு இடப்பக்கம் நிற்கிறது, எது எதை மறைக்கிறது என்று பார்த்தே படகைக் கரைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். இன்று ஜிபிஎஸ் பெட்டி இருக்கிறது. அதில் ஒரு கோடு போகும், படகும் அந்தக் கோட்டோடு போகும்.

இன்றைய பேச்சு ஒரு வீடியோ கேமைப் பற்றியது. ஆனாலும் கோபுரத்துக்கும் பெட்டிக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கைரிம் என்கிற அந்த விளையாட்டின் சிறப்பும் கோளாறும் அதில்தான் முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன.

ஸ்கைரிம் 2011 நவம்பர் 11 அன்று வெளிவந்தது. செய்தவர்கள் அமெரிக்காவின் பெதஸ்டா கேம் ஸ்டூடியோஸ், இயக்குநர் டாட் ஹோவர்ட். எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் இது ஐந்தாவது. 2016-ல் ஸ்பெஷல் எடிஷன் என்று மெருகேற்றி விற்றார்கள், 2021-ல் அனிவர்சரி எடிஷன் என்று இன்னொரு முறை விற்றார்கள். பிடித்த மீன் ஒன்றுதான். குழம்பு, வறுவல், கருவாடு என்று மூன்று பந்தி. புதிதாக வாங்குகிறவர்கள் ஸ்பெஷல் எடிஷனை வாங்கினால் போதும்.

வீட்டில் பிள்ளைகள் ஆடுவதைப் பின்னால் நின்று பார்த்திருக்கிற அம்மாமாருக்கும் ஐயாமாருக்கும் ஒரு சொல். இது ஒரு தடத்தில் ஓடி முடிக்கிற ஆட்டம் இல்லை. ஸ்கைரிம் என்கிற பனிமலை நாடு ஒன்று, அதில் ஒன்பது சீமைகள். பத்து இனங்களில் ஒன்றைத் தேர்ந்து ஓர் ஆளை உருவாக்கி உள்ளே விட்டால், அதன்பிறகு கிழக்கே போவதா மேற்கே போவதா, வாளா வில்லா மந்திரமா, திருடுவதா கொல்லுலை வேலை பார்ப்பதா என்பதெல்லாம் ஆடுகிறவர் விருப்பம். அந்த நாட்டின் பரப்பு ஏறக்குறைய 37 சதுர கிலோமீட்டர்தான். நம் பாம்பன் தீவே 67 சதுர கிலோமீட்டர் இருக்கிறது. தீவில் பாதியைவிடக் கொஞ்சம் கூட. அவ்வளவு சின்ன நிலத்தை ஒரு பெரிய தேசம் போலத் தோன்ற வைத்திருப்பதுதான் அவர்களுடைய முதல் கெட்டிக்காரத்தனம்.

எப்படித் தோன்ற வைத்தார்கள்? நடுவில் ஒரு பெரிய மலை. 'த்ரோட் ஆஃப் த வேர்ல்ட்' என்று பெயர். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நேர்கோட்டில் போக முடியாதபடி அது குறுக்கே நிற்கிறது, சுற்றித்தான் போக வேண்டும். சுற்றும்போது பாதை வளைகிற ஒவ்வொரு இடத்திலும் வேறு ஏதோ ஒன்று கண்ணில் படும். பாறைக்குப் பின்னால் ஒரு கோட்டைச் சுவர், ஆற்றுக்கு அப்பால் புகை, பனிமூட்டத்துக்குள் ஒரு கல்தூண். அந்த மலை உச்சிக்கு 7,000 படிகள் என்று ஊரார் சொல்வார்கள். எண்ணிப் பார்த்தால் ஆயிரம்கூடத் தேறாது. ஏறி முடிக்கும்போது ஏழாயிரம் ஏறிய களைப்பு வந்துவிடும், அது வேறு விஷயம்.

முதல் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தலையை வெட்டப்போகிற இடத்தில் டிராகன் வந்து ஊரையே எரிக்கிறது. நீங்கள் தப்பிக் குகை வழியே வெளியே வருகிறீர்கள். கூட வருகிற ஆள் மலைச்சரிவில் நின்று, ஆற்றுக்கு மேலே தெரிகிற பாழடைந்த கட்டடத்தைக் காட்டி, அதன் பெயர் ப்ளீக் ஃபால்ஸ் பேரோ என்று சொல்வார். பழங்காலத்து ஈமக்குகை. திரையில் அம்பு வரவில்லை, வரைபடம் விரியவில்லை. ஒரு மனிதர் சொல்ல, உங்கள் கண் அங்கே போய் நிற்கிறது. கொஞ்ச தூரம் இறங்கினால் வழியோரம் மூன்று கற்கள். வீரன் கல், மந்திரவாதி கல், திருடன் கல். எதைத் தொடுகிறீர்களோ அந்த வகைத் திறன்களை 20 விழுக்காடு வேகமாகக் கற்பீர்கள். அதற்கும் கீழே ரிவர்வுட் என்கிற சின்ன ஊர். ஊருக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் முன்னே காட்டிய அதே ஈமக்குகை தலைக்கு மேலே நிற்கும். கோபுரம் பார்த்துக் கரை பிடிப்பது என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

உள்ளே போனால் இன்னொரு பாடம். ஒரு கூடத்தில் சுழலும் மூன்று கல்தூண்கள், ஒவ்வொன்றிலும் விலங்குச் சின்னங்கள். நடுவில் ஒரு நெம்புகோல். தூண்களைச் சரியாகத் திருப்பாமல் இழுத்தால் விஷ அம்புகள் பாயும். விடை எதிரே சுவரிலேயே இருக்கிறது. மூன்று முகங்களில் நடுவில் இருந்தது மட்டும் பெயர்ந்து தரையில் கிடக்கிறது. குனிந்து பார்க்கிறவருக்குக் கதவு திறக்கும். கடைசியில் மூன்று வளையங்கள் கொண்ட ஒரு பெரிய கதவு, அதற்குச் சாவி ஒரு பொன் நகம். வளையங்களை எந்த வரிசையில் திருப்புவது? அதை இங்கே சொல்லப்போவதில்லை. பையைத் திறந்து, அந்த நகத்தைக் கையில் புரட்டி, உள்ளங்கைப் பக்கத்தைப் பாருங்கள். சண்டையெல்லாம் முடிந்தபிறகு வந்த வழியே திரும்பி நடக்க வேண்டியதும் இல்லை. பின்பக்கம் ஒரு சுரங்கம் நேராக வெளியே கொண்டுவந்து விடும். இப்படிப்பட்ட குகை, கோட்டை, பாழிடங்கள் நூற்றைம்பதுக்கு மேல் இருக்கின்றன.

இனி கோளாறு.

அந்த முதல் ஒரு மணி நேரத்தில் கண்ணை நம்பி ஆடச் சொல்லிக்கொடுத்த விளையாட்டு, அதன்பிறகு தன் பாடத்தைத் தானே மறந்துவிடுகிறது. யாராவது ஒரு வேலை கொடுத்தால் திரையின் மேலே உள்ள திசைகாட்டிப் பட்டையில் ஓர் அம்பு விழும். போகிற இடத்தின் தலைக்கு மேலும் அம்பு மிதக்கும். அம்பைப் பார்த்துக்கொண்டே போனால் போதும். நாடு முழுக்கக் கண்ணுக்கு விருந்து வைத்துவிட்டு, சாப்பிடும்போது கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி. போன இடத்துக்கு மறுபடி போக வேண்டுமா? வரைபடத்தில் ஒரு தட்டு, அங்கே நிற்பீர்கள். நாற்பது மணி நேரம் ஆடியும் வைட்ரன் என்கிற ஊரிலிருந்து விண்ட்ஹெல்ம் என்கிற ஊருக்குப் பாதை தெரியாதவர்கள் ஏராளம்.

அப்படியானால் அம்பை அணைத்துவிடலாமே என்றால், பாதிதான் சரி. இதே வரிசையில் 2002-ல் வந்த மாரோவிண்டில், வேலை கொடுக்கிறவர் 'பாலம் தாண்டு, இரட்டைப் பாறையில் இடப்பக்கம் திரும்பு' என்கிற பாணியில் வழி சொல்வார், அது நாட்குறிப்பிலும் ஏறும். ஸ்கைரிமில் பெரும்பாலும் 'உன் வரைபடத்தில் குறித்துவிட்டேன்' என்பதோடு முடிந்துவிடும். வழி சொல்லும் வசனமே எழுதப்படவில்லை. ஆகவே அம்பை முழுக்க அணைத்தால் சில வேலைகளை முடிக்கவே முடியாது.

நடைமுறையில் பலன் தருகிற வழி ஒன்று இருக்கிறது. நாட்குறிப்பைத் திறந்து, நடப்பில் உள்ள எல்லா வேலைகளையும் செயலில் இல்லாததாக மாற்றி வைக்கலாம். ஒவ்வொன்றின் மேலும் ஒரு தட்டு, அம்பு மறைந்துவிடும். வரைபடத்தில் இடத்தை ஒருமுறை பார்த்து, எந்த மலைக்கு எந்தப் பக்கம், எந்த ஆற்றுக்கு எந்தக் கரை என்று மனதில் வைத்துக்கொண்டு மூடிவிடுங்கள். சாலைச் சந்திகளில் ஊர்ப்பெயர்ப் பலகைகள் உண்டு, அவற்றைப் படித்துப் போங்கள். கட்டடத்துக்குள் போய் எந்த அறை என்று தெரியாமல் முட்டினால் மட்டும் அந்த ஒரு வேலையைச் செயல்படுத்தி, முடிந்ததும் மறுபடி அணையுங்கள். இன்னும் கடுமை வேண்டுமென்றால் சர்வைவல் மோட் என்கிற கடினமான ஆட்டமுறை இருக்கிறது. பசி, களைப்பு, குளிர் மூன்றும் உடலைத் தாக்கும், தட்டினால் போகும் பயணம் கிடையாது, தூங்கினால்தான் ஆளின் நிலை (லெவல்) உயரும், வில்லில் விடுகிற அம்புக்கும் எடை உண்டு. வைக்கோல் குதிரைவண்டிக்குக் காசு கொடுப்பதில் அர்த்தம் வருவது அப்போதுதான்.

திறன் வளர்ப்பு முறைக்கு வருவோம். இதில் அவர்கள் செய்தது நல்ல காரியம். மொத்தம் 18 திறன்கள், எதைச் செய்கிறீர்களோ அது வளரும். வாள் வீசினால் வாள், பதுங்கினால் பதுங்கல், பேரம் பேசினால் பேச்சு. கணக்கும் எளிது. ஒரு திறன் 21-ஐ எட்டினால் 21 புள்ளி, 91-ஐ எட்டினால் 91 புள்ளி. முதல் நிலையிலிருந்து இரண்டாவதற்கு ஏற 100 புள்ளி வேண்டும், அதன்பிறகு ஒவ்வொரு நிலைக்கும் 25 கூடிக்கொண்டே போகும். நிலை ஏறும்போது உயிர், மந்திர ஆற்றல், உடல்வலு மூன்றில் ஒன்றில் பத்து கூட்டிக்கொள்ளலாம். உடல்வலுவில் போட்டால் சுமக்கிற அளவும் ஐந்து கூடும். தொடக்கத்தில் சுமை 300.

பொறி எங்கே இருக்கிறது என்றால், எதிரிகளில் பலரும் உங்கள் நிலைக்கு ஏற்ப வளர்கிறார்கள். ஒரு தம்பி பட்டறையில் உட்கார்ந்து ட்வார்வன் என்கிற உலோகத்தில் வில்லாகச் செய்து கொல்லுத் தொழிலை நூறுக்கு ஏற்றிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வில் ஒன்றுக்கு ட்வார்வன் கட்டி இரண்டு, இரும்புக்கட்டி ஒன்று. வில்களை விற்று விற்றே பேச்சுத் திறனையும் ஏற்றிவிட்டார். ஆளின் நிலை இருபதைத் தாண்டிவிட்டது, ஆனால் வாள் பிடிக்கத் தெரியாது. வெளியே வந்தால் கொள்ளைக்கூட்டத் தலைவன் இருபதாம் நிலைக்கு உரிய கவசத்தோடு நிற்கிறான். ஒரே வெட்டு. ஆகவே தொழில் திறன் ஒன்று ஏறினால் சண்டைத் திறன் ஒன்றும் கூடவே ஏறும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு நுட்பம்: ஒரு குகைக்குள் முதல் தடவை நுழையும்போதே அதன் கடினம் உங்கள் அப்போதைய நிலையை ஒட்டி நிலைத்துவிடும். முடியாவிட்டால் வெளியேறி, வளர்ந்து, திரும்பி வரலாம். அது உங்களோடு சேர்ந்து வளராது.

மறுமுனையில், பக்குவம் தெரிந்தவர்களுக்கு ஆட்டம் சப்பென்று ஆகிவிடும். கவசம் எவ்வளவு கூட்டினாலும் அடியில் 80 விழுக்காட்டுக்கு மேல் தடுக்காது. கேடயம் இல்லாமல் நான்கு துண்டும் அணிந்தால், திரையில் 567 என்று காட்டும்போது அந்த எல்லை வந்துவிடும். பட்டறையில் மெருகேற்றத் தெரிந்தவருக்கு 567 பெரிய எண்ணே இல்லை. பதுங்கி நின்று கத்தியால் குத்தினால், அதற்குரிய பெர்க், அதாவது நிலை ஏறும்போது வாங்குகிற சிறப்புத் தேர்ச்சி, இருந்தால் 15 மடங்கு அடி. வில் என்றால் பெர்க்கோடு மூன்று மடங்குதான். ஆனால் தூரத்திலிருந்து அடிப்பதால் ஆபத்தே இல்லை. எந்த ஆளாகத் தொடங்கினாலும் கடைசியில் எல்லாரும் இருட்டில் பதுங்கி அம்பு விடுகிறவர்களாகவே முடிகிறார்கள் என்று உலகம் முழுக்கச் சிரிப்பது இதனால்தான்.

கடினத்தைக் கூட்டினால் சரியாகாதா? கூட்டிப் பாருங்கள். ஆறு படிகள் உண்டு. நடுவில் உள்ள அடெப்டில் அடி உள்ளது உள்ளபடி. உச்சியில் உள்ள லெஜண்டரியில் நீங்கள் அடிப்பது கால்பங்கு, உங்கள்மேல் விழுவது மூன்று மடங்கு. மாறுவது இந்தப் பெருக்கல் கணக்கு மட்டும்தான். எதிரிக்குப் புத்தி கூடவில்லை, அதே ஆள் அதே மாதிரி ஓடிவருவான், நான்கு மடங்கு நேரம் வெட்ட வேண்டும். இதில் மந்திரவாதிதான் அதிகம் நொந்துபோவார். நெருப்பு, பனி, மின்னல் மந்திரங்களுக்குத் திறன் ஏற ஏறச் செலவு குறையுமே தவிர அடி கூடாது. பெர்க் இரண்டு வாங்கினால் 50 விழுக்காடு, மருந்து குடித்தால் கொஞ்ச நேரத்துக்கு இன்னும் கொஞ்சம். வாள்காரர் தன் வாளைக் கூராக்கிக்கொண்டே போவார், இவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். முதல் ஆட்டத்துக்கு அடெப்டே நல்லது.

மனிதர்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்திருக்க வேண்டும், ஆனால் விளையாட்டே அங்கே கஞ்சத்தனம் செய்திருக்கிறது. ஊராருக்கு நேரகாலம் உண்டு. காலை எட்டுக்குக் கடை திறந்து இரவு எட்டுக்கு மூடுவார்கள், சத்திரத்துக்குப் போவார்கள், தூங்குவார்கள். நம் 72 நிமிடம் அங்கே ஒரு நாள். இவ்வளவும் அழகு. ஆனால் நீங்கள் யார் என்பது அவர்களுக்கு உறைப்பதே இல்லை. நாலைந்து மந்திரம் மட்டும் தெரிந்துகொண்டு விண்டர்ஹோல்ட் கல்லூரிக்குத் தலைமை மந்திரவாதி ஆகிவிடலாம். ஆன பிறகும் தெருக்காவலன், 'ஏதோ நாலு மந்திரம் தெரியுமாமே, அதற்கு நான் அசந்துபோக வேண்டுமா?' என்கிற தொனியில்தான் பேசுவான். நாட்டில் உள்நாட்டுப் போர் நடக்கிறது, ஒரு பக்கம் சேர்ந்து ஜெயிக்கவும் செய்யலாம். ஜெயித்த மறுநாள் சில ஊர்களில் அதிபதி மாறியிருப்பார், காவலர் சட்டை நிறம் மாறியிருக்கும். சந்தையில் அதே பேச்சு, அதே குரல். எல்லா வாசலையும் எல்லாருக்கும் திறந்து வைத்ததன் விலை இது. எதைச் செய்தாலும் எந்தக் கதவும் மூடக்கூடாது என்று தீர்மானித்துவிட்டால், எதைச் செய்ததற்கும் விளைவு இருக்க முடியாது.

கடற்கரையில் இருந்து பேசுகிறபோது கடலைப் பற்றிச் சொல்லாமல் விடலாமா? ஸ்கைரிமின் வடக்கே முழுக்கக் கடல், பனிப்பாறை மிதக்கிற கடல். துறைமுகங்கள் உண்டு, கப்பல்கள் உண்டு. ஒரு படகையும் உங்களால் ஓட்ட முடியாது. எல்லாம் நங்கூரம் போட்ட பொம்மைகள். ஏற்ற வற்றம் இல்லை, நீரோட்டம் இல்லை; வாடை என்ன, கச்சான் என்ன, எந்தக் காற்றும் தண்ணீரைத் தொடாது. தண்ணீருக்குள் வாளை எடுக்கவும் முடியாது, மீன் வந்து கடித்தால் வாங்கிக்கொண்டு நீந்த வேண்டும். சர்வைவல் மோட் இல்லையென்றால் அந்தப் பனிக்கடலில் நாளெல்லாம் நீந்தினாலும் குளிராது. 2021-ல் மீன்பிடிப்பைச் சேர்த்தார்கள். தூண்டில் மட்டும்தான், வலை கிடையாது. குறித்து வைத்த இடத்தில் நின்று, தூண்டில் அதிர்கிற நொடியில் பொத்தானை அழுத்த வேண்டும். மூக்கையூரிலோ தொண்டியிலோ ஒரு சிறுவனிடம் இதைக் காட்டினால் அவன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

இனி இயந்திர விவகாரம். ஸ்பெஷல் எடிஷனுக்கு 64 பிட் விண்டோஸ், 8 ஜிபி ரேம், 12 ஜிபி வட்டு இடம், ஜிடிஎக்ஸ் 470 அளவுக்காவது ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். பழைய கம்ப்யூட்டரே தாங்கும். ஒரு நாளைக்கு 2 ஜிபி தருகிற பேக்கில் இறக்கினால் ஆறு நாள் ஆகும். நிறுத்தி நிறுத்தி இறக்கலாம், விட்ட இடத்திலிருந்து தொடரும். இறக்கி ஒருமுறை ஆடிவிட்டால் விளையாட்டை வாங்கி இறக்குகிற ஸ்டீம் செயலியை ஆஃப்லைனில் போட்டு நெட் இல்லாமலே ஆடலாம். காற்று மழையில் சிக்னல் போகிற ஊர்களுக்கு இது சாதாரண வசதி இல்லை.

பொருள்களின் அசைவைக் கணக்கிடும் பகுதி ஃப்ரேம் வேகத்தோடு, அதாவது நொடிக்கு எத்தனை படம் திரையில் ஓடுகிறது என்பதோடு, கட்டப்பட்டிருக்கிறது. 144 ஹெர்ட்ஸ் திரை வைத்திருப்பவர்கள் அப்படியே ஓட்டினால், வீட்டுக்குள் நுழைந்ததும் மேசையில் இருக்கிற தட்டும் பழமும் துள்ளிப் பறக்கும். கிராஃபிக்ஸ் கார்டின் அமைப்பில் போய் இந்த விளையாட்டுக்கு மட்டும் 60 ஃப்ரேம் என்று வரம்பு வையுங்கள், அடங்கிவிடும். பிழைகள் இதற்குப் புதிதல்ல. வெளிவந்த அதே நவம்பரில் கொடுத்த 1.2 திருத்தத்தில் டிராகன்கள் பின்பக்கமாகப் பறந்தன, அதைச் சரிசெய்ய இன்னொரு திருத்தம் வந்தது. விண்ட்ஹெல்மில் வருகிற கொலை விசாரணை வேலை இன்றும் அடிக்கடி நடுவில் சிக்கிக்கொள்ளும். அதைத் தொடங்கும் முன் தனியாக ஒரு சேவ் போடுங்கள், அதாவது ஆட்டம் நிற்கிற இடத்தை ஒரு கோப்பில் பதிந்து வையுங்கள்.

சேவ் விஷயத்தில் கவனம் வேண்டும். சேவ் எழுதிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துக் கரண்ட் போனால் அந்தக் கோப்பு கெடும். தானாகப் பதிகிற சேவ் பழையதன் மேலேயே எழுதுவதால் அதை மட்டும் நம்பக்கூடாது. மெனுவில் போய்ப் புதிய சேவாகவே போடுங்கள், ஐந்தாறு வைத்துக்கொண்டு பழையதை அழித்துவாருங்கள். சிறிய யூபிஎஸ் ஒன்று இருந்தால் நல்லது. உப்புக்காற்று வருகிற ஜன்னலோரம் கம்ப்யூட்டரை வைக்காதீர்கள். மின்விசிறி இறகிலும் அலுமினியத் தகட்டிலும் உப்பும் தூசியும் சேர்ந்து ஈரம் பிடித்தால் சூடு இறங்காது, ஆட்டம் திக்கித் திக்கி ஓடும், நாளடைவில் பலகையே அரித்துவிடும்.

மோட், அதாவது ரசிகர்கள் செய்து விளையாட்டில் சேர்க்கிற மாற்றங்கள், போடுகிறவர்களுக்கு ஒன்றிரண்டு வார்த்தை. முதலில் ரசிகர்கள் தொகுத்த அன்அஃபிஷியல் பேட்ச் ஒன்றை மட்டும் போட்டு ஆடிப்பாருங்கள், பெரும்பாலான பிழைகள் அதிலேயே தீரும். பாதி ஆட்டத்தில் ஒரு மோடைக் கழற்றாதீர்கள். அதன் கட்டளை வரிகள் சேவுக்குள் ஊறிப்போயிருக்கும், பிய்த்தால் சேவும் போகும். பல மோட்கள் ஓடுவதற்குத் தேவையான ஸ்க்ரிப்ட் எக்ஸ்டெண்டர் என்கிற துணைநிரலைப் பயன்படுத்துகிறவர்கள் ஸ்டீமில் 'ஆடத் தொடங்கும்போது மட்டும் புதுப்பி' என்ற தெரிவை வையுங்கள். 2021-ல் அனிவர்சரி புதுப்பிப்பு வந்த வாரத்தில் அதை நம்பிய மோட்கள் வரிசையாக நின்றுபோயின.

தமிழில் இந்த விளையாட்டு இல்லை. வசனத்துக்குக் கீழே எழுத்து ஓடும்படி அமைப்பில் வைத்துக்கொண்டால் ஆங்கிலம் கேட்டுப் பிடிக்காதவர்களும் படித்துப் பிடிக்கலாம். பள்ளியில் படிக்கிற பிள்ளை என்றால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். தலை வெட்டுகிற காட்சி தொடக்கத்திலேயே வருகிறது, ரத்தம் தாராளம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கிடக்கிற 61 நாளில் யாராவது தொடங்குவதாக இருந்தால், முதலில் கோதுமையும் நீலமலைப் பூவும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்துக் காய்ச்சினால் உயிர் மீட்கிற மருந்து. அதில் ஐந்தாறு குப்பியோடு ரிவர்வுட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி மேலே ஏறுங்கள். வழி கேட்க வேண்டியதில்லை, ஈமக்குகை கண்ணெதிரே தெரியும்.

வணக்கம்.